டாக்டர் கேட்டபோது நீ சொல்லாமல் விட்டது

மகனே,

வழக்கமாக எழுதும் 'அன்புள்ள' இந்தத் தடவை வரவில்லை. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம். போனில் பேசலாமென்றால் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். நேரில் வந்தால் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். சனிக்கிழமை நீயும் கௌசல்யாவும் ரக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்புகிறீர்கள். கம்பெனி இரண்டு வருஷத்துக்கு அனுப்புகிறது என்கிறாய். விமானம் ஏறுவதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும், கடைசி வரி வரைக்கும்.

இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏலகிரியிலிருந்து திரும்பிய மறுநாள் நீயும் அங்கேதானே போட்டாய்? "ரக்ஷனாவுக்கு பலாப்பழம் அலர்ஜி. ஹாஸ்பிடலில் அட்மிட் பண்ணும் அளவுக்கு ஆகிவிட்டது. அம்மா உட்பட எல்லாருக்கும் ஒரு ரிக்வெஸ்ட், எங்களைக் கேட்காமல் குழந்தைக்கு எதுவும் தர வேண்டாம்." உன் பெரியப்பா, அத்தைகள், கௌசல்யாவைப் பெற்றவர்கள், யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாத இரண்டு பேர், எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். போனைச் சார்ஜில் சொருகிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டேன்.

உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ வேறு மாதிரிச் சொல்லிச் சொல்லி அதுவே உனக்கு நிஜமாகிவிட்டது. கிளம்பிய அன்று காலையில் நானும் அம்மாவும் காட்டுப்பாக்கத்தில் உன் ஃப்ளாட்டில்தான் இருந்தோம். ரக்ஷனாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு இளஞ்சூடாக இருந்தது. கௌசல்யா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் தள்ளிப் போலாமா? டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கிளம்பலாம்" என்றாள். நீ ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, "ரூம் புக் பண்ணியாச்சு. லீவு கெடைச்சதே பெரிசு. சும்மா சளிதான் கௌசி" என்றாய். நான் குறுக்கே விழுந்து, "மலைக்காத்துக்குச் சரியாப் போயிடும்மா" என்றேன். பெற்றவள் தொட்டுப் பார்த்துச் சொன்னதை ஆண்கள் நாம் இரண்டு பேரும் தொடாமலே தள்ளிவிட்டோம். நாலு வயசுக் குழந்தை, என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத வயசு. இந்த வீட்டில் அதெல்லாம் வழக்கம்தான். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நான்.

மாங்காட்டு பாபுவின் வண்டியில் போனோம். வாலாஜா பக்கம் டிபனுக்கு நிறுத்தினோம். மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கி வாங்கி வந்தாள். நீ சாப்பிட்டாய், நான் சாப்பிட்டேன், கௌசல்யா சாப்பிட்டாள், பாபுவுக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தாள். குழந்தை இரண்டு சுளை சாப்பிட்டது. அன்று சாயங்காலமும் இரவும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ரக்ஷனா கழுத்தைச் சொறிந்தாள். பார்த்தால் கொசு கடித்த மாதிரி இரண்டு தடிப்பு. நான்தான், "வேர்க்குரு, பவுடர் போட்டாச் சரியாயிடும்" என்று சொன்னேன். அடுத்து முதுகில், வயிற்றில், தொடையில் என்று திட்டுத் திட்டாகச் சிவந்து எழும்பியது. முன்னால் நின்ற ஒரு அம்மாள், "அம்மைங்க, வேப்பிலை போட்டுப் படுக்க வையுங்க" என்று சொல்லித் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். உன் அம்மா குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அம்மை இல்ல. காணாக்கடி மாதிரி இருக்கு. எதோ ஒத்துக்கல. கீழ டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றாள். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம், எதனால் என்று தெரியாமல் உடம்பு தடித்தால் காணாக்கடி என்பார்கள். நீ அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ரூமுக்குக் கூட்டிப்போய் ஏ.சி.யைப் போட்டாய். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாய். படம் படமாகத் தள்ளித் தள்ளி, "இது மாதிரி இருக்கா, இது மாதிரியா" என்று கௌசல்யாவிடம் காட்டிக்கொண்டிருந்தாய். நான் பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் போனது. குழந்தையின் உதடு தடித்தது. கண் இமை வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. உன் அம்மா யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

பாபுதான் முதலில் ஓடி வந்தான். "இன்னா சார், கொயந்த மூஞ்சி இப்டி வீங்கிக்கீது? ஏறுங்க சார், ஏறுங்க. பேசிக்கினு நிக்காதீங்க." அந்தப் பதினாலு வளைவையும் அவன் எப்படி இறக்கினான் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் உன் அம்மா குழந்தையிடம், "மூச்சு நல்லா விடு தங்கம், அப்பத்தாவப் பாரு, அப்பத்தாவயே பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பத்தூரில் அந்த மருத்துவமனையில் இருந்தது ஒல்லியான ஒரு பெண் டாக்டர். வயசு உன்னைவிடக் குறைவாக இருக்கும். பதற்றமே இல்லாமல் ஊசி போட்டாள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தாள், மூச்சைக் கேட்டாள். அதற்கப்புறம்தான் நம் பக்கம் திரும்பினாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளா புதுசா என்ன சாப்பிட்டா? மருந்து ஏதாவது குடுத்தீங்களா? சிரப், சொட்டு மருந்து, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும்." நீ கௌசல்யாவைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய். "மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர்." அவள் விடவில்லை. "சளிக்குக்கூட ஒண்ணும் குடுக்கலையா?" அப்போதுதான் நீ சொன்னாய்: "இல்ல டாக்டர். எங்கம்மாதான் ரோட்டுல வித்த பலாப்பழத்த வாங்கிக் குடுத்தாங்க. சொன்னாக் கேக்க மாட்டாங்க."

அம்மா மெதுவாக, "போன வருசமும் எங்க வீட்ல சாப்பிட்டா டாக்டர், ஒண்ணும் பண்ணலையே" என்றாள். அவள் சொன்னது சரியான தகவல். ஒரு டாக்டருக்கு வேண்டிய தகவல். அதை முடிக்க விட்டாயா நீ? நர்ஸ் நிற்கிறாள், டாக்டர் நிற்கிறாள், கௌசல்யா நிற்கிறாள், எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "நீ சும்மா இரும்மா. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது என்னையத் தின்னர் குடிக்க விட்டவதானே நீ."

டாக்டர் சீட்டில் 'பலாப்பழம்' என்று எழுதினாள். உன் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

அந்தத் தின்னர் கதையை இப்போது கேள். நம் வீட்டில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து நடந்தாலும் யாராவது ஒருவர் எடுத்துவிடும் கதை. நீ சிரித்துக்கொண்டே வளர்ந்த கதை. உனக்கு அப்போது இரண்டரை வயசு. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய தின்னர் டின்னின் மூடி சரியில்லை என்று அதை ஒரு காலிக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தேன். ஜன்னல் திண்டில் வைத்தவன் நான். பிரஷ் வாங்கக் கடைக்குப் போனவனும் நான். போகும்போது உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். நீ கலர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நான் எதையும் மறைக்கவில்லை. என்ன பாட்டில், எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மட்டுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. இரண்டு நாள் நெஞ்சு இரைந்தது உனக்கு. பிறகு சரியாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து என் அம்மாவும் உன் பெரியப்பாவும் ரயிலேறி வந்தார்கள். "புள்ள எப்படிடா அதக் குடிச்சான்?" என்று கேட்டார்கள். உன் அம்மா கையில் ஃபிளாஸ்க்கோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "இவ எங்க பாத்துக்குறா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே குவார்ட்டர்ஸில் ஷிப்டுக்குப் போகிற அம்மாக்கள் எத்தனை பேர் கைக்குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள்! அவள் மடியில் தூங்கிய பிள்ளைகளில் ஒருவன் இன்றைக்கும் தீபாவளிக்கு வந்து அவள் காலில் விழுகிறான். ஊருக்கே நம்பிக்கையான அந்தக் கைக்கு, சொந்தக் குடும்பத்தில் மட்டும் கெட்ட பேர். அதைக் கொடுத்தவன் நான். ஒரு முறைகூட நான் அந்தக் கதையைத் திருத்தவில்லை. என் அம்மா செத்தபிறகாவது சொல்லியிருக்கலாம். இல்லை. யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கடைசியில் என் பொய் உன் வாய் வழியாக வந்து திருப்பத்தூரில் அவள் முகத்தில் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்துத் திட்டாமல் அது முடியாது போலிருக்கிறது. ஆனால் அதை வைத்து நீ தப்பிக்கலாம் என்று நினைக்காதே. அடுத்து நடந்தது முழுக்க உன்னுடையது.

மறுநாள் காலையில் குழந்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். பாபு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினான். "சார், பின் சீட்டுக்குக் கீய கெடந்துச்சு சார். கொயந்த மருந்து போலகீது. உங்க ஊட்டுதா பாருங்க. டாக்டரு கேட்டாங்கன்னீங்களே, காட்டிடுங்க சார்." அவனுக்குத் தெரிந்தது, படித்த உனக்குத் தெரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். ரக்ஷனாவின் பெயர் போட்ட மருந்துக்கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் காதுவலி வந்தபோது கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப். தண்ணீர் கலந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. நீ மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தாய்.

உன்னைக் கீழே கூப்பிட்டேன். பாட்டிலைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்தது. மறுக்கவில்லை, அந்த வரைக்கும் நல்லது. வாலாஜாவில் கௌசல்யா பாத்ரூம் போயிருந்தபோது ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி, மறுநாள் காலையில் ஒரு மூடி கொடுத்தேன் என்றாய். "காய்ச்சல் ஏறிட்டா ட்ரிப்பே போச்சுன்னு குடுத்தேம்ப்பா. போன தடவை டாக்டர் குடுத்ததுதானே." சரி, குடுத்தாய். அது தப்பு, ஆனால் தப்பு எல்லோரும் செய்வோம். "டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "கௌசி நின்னுக்கிட்டிருந்தாப்பா. அவ மொதல்லயே டாக்டர்கிட்ட போலாம்னா. இப்பத் தெரிஞ்சா என்னைய உயிரோட விட மாட்டா. அதான் சரியாயிடுச்சுல்ல? விடுங்கப்பா, ப்ளீஸ்." பெண்டாட்டியின் ஒரு நாள் கோபத்துக்குப் பயந்து, மூச்சுத் திணறுகிற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காப்பாற்ற வந்த டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய்க்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. திருப்பிப் பேசாத ஆளாகப் பார்த்து எடுத்துக்கொண்டாய்.

நான் என்ன செய்தேன்? பாட்டிலை என் பைக்குள் வைத்தேன். அரை மணி கழித்து டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று நம் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன். முப்பத்துமூன்று வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் யார் சிபாரிசு வந்தாலும் பாகத்தைத் தள்ளிவைத்தவன். மகன் என்றதும் கை எழவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு நடப்பது உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனூரில் எங்கள் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு நீங்கள் ஷாப்பிங் போய்விடுகிறீர்கள். ரக்ஷனா வந்ததும் நேராக அடுக்களைக்குள் ஓடுகிறாள். "அப்பத்தா, ஊட்டி விடு" என்கிறாள். உன் அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறாள். "கௌசி, இட்லி குடுக்கலாமாம்மா? தொட்டுக்க சர்க்கரை போடலாமா?" என்று கேட்கிறாள். கௌசல்யா பாவம், "என்ன அத்த இது, இட்லிக்கெல்லாமா கேப்பாங்க?" என்கிறாள். ஆனாலும் இவள் கேட்கிறாள். போன வாரம் கௌசல்யா போனை எடுக்கவில்லை. குழந்தை வாழைப்பழத்தைக் காட்டி அழுகிறது. இவள் தன் வீட்டில், தான் வாங்கி வைத்த பழத்தைக் கொடுக்காமல் பத்து நிமிஷம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் உரித்துக் கொடுத்தேன். "நீங்க குடுத்தா நீங்கதான் பொறுப்பு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். மூன்று வாரத்தில் அவளை இப்படி ஆக்கிவிட்டாய்.

இன்று காலை பெட்டி கட்ட உதவலாம் என்று காட்டுப்பாக்கம் வந்தேனே, அப்போது உன் மேஜையில் ஒரு ஃபைல் இருந்தது. ஜெர்மனியில் கொடுப்பதற்காக ரக்ஷனாவின் தடுப்பூசி விவரம், மருத்துவ விவரம் எல்லாம் அழகாக அச்சடித்து வைத்திருக்கிறாய். அலர்ஜி என்ற இடத்தில் பலாப்பழம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாய். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. என் பொண்டாட்டிமேல் நீ சுமத்திய பழி அச்சேறி வெளிநாட்டுக்குப் போகிறது. அதுவும் உன் கையெழுத்தோடு. அங்கேயே உன் சட்டையைப் பிடித்திருப்பேன். கௌசல்யா காபி கொண்டுவந்துவிட்டாள். குடித்துவிட்டு மின்சார ரயில் ஏறி வந்து இதை எழுத ஆரம்பித்தேன். நீ அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே குழுவில், அதே ஆட்கள் முன்னால் கேட்க வேண்டும் என்று எழுதி, அதோடு முடிப்பதாகத்தான் இருந்தேன்.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. இன்று மத்தியானம் சாப்பிட்டதும் இந்தத் தாள்களை உன் அம்மாவிடம் கொடுத்தேன். பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குக் காட்டாமல் ஊருக்குக் காட்டக்கூடாது என்று தோன்றியது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். தின்னர் கதை எழுதிய பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முழுவதும் படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அந்த ஃபைல்ல மருந்து அலர்ஜின்னு தனியா ஒரு எடம் இருக்குமே, அதுல என்ன போட்ருக்கான்?" என்று கேட்டாள்.

நான் பலாப்பழத்தைப் பார்த்த கோபத்தில் அடுத்த வரியைப் படிக்கவில்லை. தெரியவில்லை என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னுதான் போட்ருப்பான். இல்லாட்டி கௌசி கேப்பாள்ல?" என்றாள். "அங்க குளிரு. போன ஒடனே புள்ளைக்குச் சளி பிடிக்கும், காது வலிக்கும். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க. அவங்க இந்த ஃபைலப் பாப்பாங்க. இதே மருந்தக் குடுத்தாங்கன்னா?"

மூன்று வாரமாக நானும் நீயும் யார்மேல் பழி என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பழியைச் சுமந்தவள் ஒரே நிமிஷத்தில் குழந்தைக்கு வரப்போவதைப் பார்த்துவிட்டாள். "இந்த மருந்துதானா என்னன்னு நமக்கென்ன தெரியும்? காய்ச்சல்லயேகூடத் தடிச்சிருக்கும்" என்றேன். "தெரியாதுல்ல? அப்ப தெரிஞ்சவங்ககிட்ட சொல்லணும்ல?" என்றாள்.

குழுவில் போடுவதைப் பற்றிக் கேட்டேன். "வேணாம். அவன் மானத்த வாங்கி எனக்கு என்ன ஆகப்போகுது? கௌசிகிட்ட சொல்லணும். டாக்டர்கிட்ட சொல்லணும். அது ரெண்டும் நடந்தாப் போதும்" என்றாள். அப்புறம் நான் தயங்கித் தயங்கி, தின்னர் விஷயத்தில் நான் செய்தது, என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "அத நாம தனியாப் பேசிக்குவோம். இருபத்தெட்டு வருசத்துது. நீங்க ஒரு மத்தியானத்துல எழுதிட்டா முடிஞ்சு போயிடாது." எழுந்து போய்விட்டாள். எனக்கு வர வேண்டியது வந்துகொண்டிருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கவரை இன்று சாயங்காலம் நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். உள்ளே பாட்டிலும் இருக்கும். படித்து முடித்ததும் கௌசல்யாவை உட்கார வைத்து நீயே சொல். திட்டுவாள், திட்டட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நாளைக் காலையில் இரண்டு பேருமாக ரக்ஷனாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். பாட்டிலைக் காட்டு. எத்தனை மூடி, எந்தெந்த நேரம், எவ்வளவு நாள் பழைய மருந்து, ஒன்றையும் குறைக்காமல் சொல். திருப்பத்தூர் டாக்டரின் நம்பர் சீட்டில் இருக்கிறது, அவளுக்கும் போன் செய்து சொல். இந்த மருந்தா, பழமா, வேறு ஏதாவதா என்று அவர்கள் சோதித்துச் சொல்லும்வரை குழந்தைக்கு அந்த மருந்து தரக்கூடாது என்று எழுதி வாங்கி அந்த ஃபைலில் வை. உன் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துப் போடு. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நானே இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

இன்று புதன்கிழமை. நாளை சாயங்காலம் ஆறு மணிவரை பார்ப்பேன். அதற்குள் டாக்டரிடம் போய்வந்தோம் என்று கௌசல்யாவே எனக்குப் போன் செய்ய வேண்டும். நீ பேசினால் நம்ப மாட்டேன். போன் வராவிட்டால் ஆறு மணிக்கு நான் அவளைக் கூப்பிடுவேன். எல்லாவற்றையும் சொல்வேன். இதை மிரட்டல் என்று நீ நினைத்தால், ஆமாம், மிரட்டல்தான்.

அப்பா